அது இழுக்கு, நாம போறோம்

2019இல் அப்பாவுக்கு நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஊரிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தோம். இசிஜி, எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு, எதற்கும் டிஎம்டி, அதாவது டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கிற பரிசோதனை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் தபால்காரராக இருந்தவர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை அவருக்கு ஒரு விஷயமே இல்லை. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி டிரெட்மில்லில் ஏற்றினார்கள். ஆறாவது நிமிடத்தில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது நிமிடத்தில் போதும் என்று கை காட்டினார். ரிப்போர்ட் நன்றாகவே வந்தது, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவர் முகம் சரியில்லை.

"எம்மா, அது நடையில்ல பாத்துக்க. அது இழுக்கு, நாம போறோம்" என்றார்.

அந்தப் பரிசோதனை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963இல் வகுத்த முறை அது. மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீதச் சரிவு என்று ஆரம்பிக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏறும், சரிவும் ஏறும். ஒன்பதாவது நிமிடம் முடிகிறபோது மணிக்கு 5.5 கி.மீ. வேகத்தில் 14 சதவீத ஏற்றம். அறுபத்தெட்டு வயதில் அப்பா அதுவரை போனது பெரிய விஷயம். ஆனால் வேகத்தை அவர் தீர்மானிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் நடையைத் தானே வைத்துக்கொண்ட மனிதருக்கு அதுதான் வலித்திருக்கிறது. அன்று எனக்கு அது புரியவில்லை. அப்போது நான் டிரெட்மில்லில் ஓட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஓடுவதென்றால் எனக்கு அந்த பெல்ட் மட்டும்தான்.

நான் ஏன் தெருவில் ஓடவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2018 ஜூனில் இரண்டு வாரம் தெருவில்தான் ஓடினேன். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து ஏரிப் பக்கம் போய்த் திரும்புவேன். ஒரு நாள் காலை ஐந்தேகாலுக்கு ஒரு பைக் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. அதில் இரண்டு பேர். முன்னால் போய்த் திரும்பி வந்தார்கள். மறுபடியும் போனார்கள், மறுபடியும் வந்தார்கள். மூன்றாவது தடவை ஒருவன் ஒரு வார்த்தை சொன்னான். பால் பூத்தில் பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் நின்றேன். விடிந்து, ஆட்கள் நடமாட ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு நடந்தேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிற அளவுக்குக் கோபம் வருகிறது. ஓடுவதற்கு ஷூவும் மனசும் இருந்தால் போதும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த வார்த்தையைக் கேட்காதவர்கள்.

அதற்கப்புறம் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜிம்தான். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, ஒரு ஃபேன், ஒரு டிரெட்மில், கதவில் ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். டிரெட்மில் ஓட்டம் ஓட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அந்த அறை இல்லாவிட்டால் நான் ஓடுகிறவளாகவே ஆகியிருக்க மாட்டேன்.

அந்த மெஷினை அங்குலம் அங்குலமாகத் தெரியும். பெல்ட்டின் இணைப்பு பின் உருளையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் மெல்ல 'டப்' என்று ஒரு சத்தம் வரும். வேகம் கூடக்கூட அந்த டப்புகளுக்கு இடையில் இடைவெளி குறையும். சட்டையில் மாட்டுகிற சிவப்பு சேஃப்டி கிளிப்பின் கயிறு அறுந்து, சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாட்ச்மேன் அண்ணா பெல்ட்டைத் தூக்கிப் பிடிக்க, அடியில் பலகை மேல் சிலிக்கோன் ஆயில் விடுவேன். முன் மூடியைத் திறந்தால் உள்ளே மாவு மாதிரி கறுப்புத் தூசி. பெல்ட்டும் ஷூவும் சேர்ந்து தேய்ந்த தூசி அது.

2022 முடிவதற்குள் அந்தத் திரையில் 10.0 என்று வைத்து ஒரு மணி நேரம் ஓட முடிந்தது. பத்து கிலோமீட்டர், அறுபது நிமிடம். அப்புறம் ஒரு ஆசை வந்தது, 2023 ஜனவரியில் ஒரு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். 21.1 கிலோமீட்டர். பயிற்சி முழுக்க அந்த அறையில்தான். மிக நீளமான ஓட்டம் 18 கி.மீ. கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று போனால் இரண்டு மணி பதினேழு நிமிடத்தில் முடியும். அதுதான் கணக்கு.

விடியாத இருட்டில் ஆயிரக்கணக்கானவர்களோடு கிளம்பினோம். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். மூச்சு லேசாக இருந்தது, கால் லேசாக இருந்தது. முதல் கிலோமீட்டரில் வாட்ச் அதிர்ந்தது: 5:41, அதாவது ஐந்து நிமிடம் நாற்பத்தொரு நொடி. மெதுவாகத்தான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறைத்தேன், அல்லது குறைத்ததாக நினைத்தேன். இரண்டாவது கிலோமீட்டர் 5:48. மறுபடியும் குறைத்தேன். அது அதிகமாகிப்போய் 7:05 ஆகிவிட்டது. பயந்து கூட்டினேன், 5:55. பதின்மூன்றாவது கிலோமீட்டரில் தொடை கல்லாகிவிட்டது. மிச்சத்தைப் பாதி நடந்து, பாதி இழுத்துக்கொண்டு முடிக்கும்போது இரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம். நடந்த தூரத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. நாலரை வருடம் ஓடியும் என் காலுக்கு வேகம் தெரியவில்லை. ஆறரை நிமிட வேகம் என்றால் உடம்பில் எப்படி இருக்கும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. பட்டனை அழுத்தினால் வேகம் வரும், அதோடு போக வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அப்பா சொன்னது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

டிரெட்மில்லையும் தரையையும் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, பெல்ட் காலைப் பின்னால் இழுத்துவிடுகிறது, அதனால் நமக்கு வேலை குறைவு என்பது. இது தவறு. வைகை எக்ஸ்பிரஸ் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் நடந்து பாருங்கள். வீட்டில் நடப்பதற்கும் அதற்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. தரை ஒரே சீரான வேகத்தில் நகர்ந்தால், அதன் மேல் நிற்கிறவருக்கு அது நிலையான தரைதான். கால் ஊன்றுவதும் உந்துவதும் அதே வேலை. ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட ஒரு கட்டுரையும் இரண்டு ஓட்டங்களிலும் உடலசைவு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது என்றுதான் சொல்கிறது. டிரெட்மில்லில் பாதம் இன்னும் கொஞ்சம் தட்டையாக ஊன்றுகிறது, அது மாதிரி சில வேறுபாடுகள் உண்டு.

உண்மையிலேயே இல்லாமல் போவது காற்று. தரையில் ஓடுகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார், அறையில் ஓடுகிறவருக்கு அந்த வேலை இல்லை. அதை ஈடுகட்ட டிரெட்மில்லில் ஒரு சதவீதம் இன்க்லைன், அதாவது ஏற்றச் சரிவு, வைக்க வேண்டும் என்று எல்லா ஜிம்மிலும் சொல்வார்கள். அதற்கு மூலம் 1996இல் ஜோன்ஸ், டௌஸ்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. பயிற்சி பெற்ற ஒன்பது ஓட்டக்காரர்களை மணிக்குப் பத்தரை கிலோமீட்டரிலிருந்து 18 கிலோமீட்டர் வரை ஓடவிட்டு, ஆக்சிஜன் செலவை அளந்தார்கள். வேகமான ஓட்டத்துக்கு ஒரு சதவீதச் சரிவு பொருந்தி வந்தது. ஆனால் அந்த ஆய்விலேயே மெதுவான வேகங்களில், சரிவே வைக்காமல் டிரெட்மில்லில் ஓடியதற்கும் தரையில் ஓடியதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. என்னைப் போல கிலோமீட்டருக்கு ஆறரை, ஏழு நிமிடத்தில் ஓடுகிறவர்களுக்குக் காற்றின் தடை பொருட்டே இல்லை. அந்த ஒரு சதவீதத்தை நான் இப்போது வைப்பதில்லை.

அப்படியானால் என் காலுக்கு என்ன ஆயிற்று? பந்தயம் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனைக் கூட்டிக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். அவன் அப்போது எட்டாம் வகுப்பு. மெஷினை அணைத்துவிட்டு, பெல்ட் ஓரத்தில் ஒயிட்னரால் ஒரு கோடு போட்டோம். தையல் டேப்பை வைத்து, பெல்ட்டைக் கையால் நகர்த்தி நகர்த்தி, கோடு மறுபடி வரும் வரை அளந்தோம். 2 மீட்டர் 85 சென்டிமீட்டர். அப்புறம் நான் ஏறி 10.0 வைத்து ஓட, அவன் தரையில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்தான். ஆள் ஏறாமல் அளந்தால் பயனில்லை. கால் ஊன்றும்போது பெல்ட்டின் வேகம் கொஞ்சம் குறையும், அதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். வீட்டில் வந்து வீடியோவை மெதுவாக ஓடவிட்டு, வெள்ளைக் கோட்டை ஐம்பது தடவை எண்ணினான்.

ஐம்பது சுற்று என்றால் 142.5 மீட்டர். உண்மையிலேயே மணிக்குப் பத்து கிலோமீட்டர் என்றால் 51 நொடிதான் ஆக வேண்டும். ஆனது 55 நொடி. அதாவது மணிக்கு 9.3 கிலோமீட்டர். அறுபது நிமிடத்தில் பத்து கிலோமீட்டர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் அறுபத்து நாலு நிமிடம்.

"அம்மா, மெஷின் பொய் சொல்லியிருக்கு" என்றான். எனக்குச் சமாதானம்தான் வந்தது. இப்படிப்பட்ட பல மெஷின்கள் மோட்டார் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. பெல்ட் தளர்ந்திருந்தால் கால் ஊன்றும்போதெல்லாம் உருளை மேல் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கல் திரைக்குத் தெரியாது. எண்ணை அதிகம் நம்புகிறவர்கள் ஒரு தடவையாவது ஒயிட்னரும் டேப்பும் வைத்து அளந்து பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே சொல்கிறேன். அரை மணி நேர வேலை.

ஆனால் மெஷின் காட்டிய தவறால் அந்த 5:41 வந்துவிடவில்லை. அது என் தவறான உணர்வு. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2012இல் இதைத்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் தரையில் ஓடவிட்டு, பிறகு டிரெட்மில்லில் ஏற்றி, எண்ணைக் காட்டாமல், அதே வேகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஓடியவர்கள் வைத்தது தரையில் ஓடிய வேகத்தைவிட நன்றாகக் குறைவு. டிரெட்மில்லில் குறைந்த வேகமே அதிக வேகமாகத் தெரிகிறது. அதற்குப் பெரிய காரணம் கண்ணாக இருக்கலாம் என்கிறார்கள். தெருவில் ஓடும்போது மரம், கம்பம், கேட் எல்லாம் பின்னால் ஓடும். அந்த ஓட்டத்தை வைத்துத்தான் கண் வேகத்தைக் கணக்குப் போடும். அறையில் எதிர்ச்சுவர் அப்படியே நிற்கிறது. கால் ஓடுகிறது என்கிறது, கண் இல்லை என்கிறது. நாலரை வருடம் சுவரைப் பார்த்து ஓடிய நான் தெருவுக்கு வந்ததும், மெஷினில் 'கஷ்டம்' என்று பதிந்த அந்த உணர்வைத் தேடித் தேடி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

பந்தயத்துக்கு அடுத்த மாதம் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், "அக்கா, ஞாயித்துக்கிழமை மெரினாவுக்கு வாங்க, நாங்க ஆறேழு பேர் ஓடறோம்" என்றாள். எல்லாரும் பெண்கள். கலங்கரை விளக்கத்தருகே ஐந்தரைக்குச் சேர்ந்தோம். அங்கிருந்து நேப்பியர் பாலம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். போய் வந்தால் ஆறு. கிளம்பும் முன் என் கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றச் சொன்னாள்.

"வாட்ச்சப் பாக்காதீங்க அக்கா. மூச்சப் பாருங்க. எங்கூட முழுசா ஒரு வாக்கியம் பேச முடியுதா, அதான் உங்க வேகம்."

பேசிக்கொண்டே ஓடினோம். காந்தி சிலை, கண்ணகி சிலை, உழைப்பாளர் சிலை, அண்ணா நினைவிடம். நான் சென்னைக்கு வந்து பதினெட்டு வருடம். பஸ்ஸில் நூறு தடவை அந்தச் சாலையில் போயிருப்பேன். உழைப்பாளர் சிலையில் நாலு பேரும் சாய்ந்து தள்ளுகிற அந்தப் பாறையை, அதில் பின்னால் நிற்கிறவரின் கெண்டைக்காலை, அன்றைக்குத்தான் பார்த்தேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த சிலை அது, 1959இல் அங்கே வைத்தார்கள். உடம்பால் வேலை செய்கிறபோது கால் எப்படி ஊன்றும் என்று அந்த மனிதர் கவனித்துப் பார்த்திருக்கிறார்.

திரும்பி வருகையில் எனக்கு மூச்சு வாங்கியது. நான் பேச்சை நிறுத்தினேன், உடனே அவளும் வேகத்தைக் குறைத்தாள். மறுபடி பேச்சு வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கூட்டினேன், குறைத்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் செய்தேன். எந்த மெஷினும் எனக்காகச் செய்யவில்லை. தரையில் ஓடுகிறவர் ஒவ்வொரு அடியிலும் தன் வேகத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. நிறுத்தினால் நின்றுவிடும். டிரெட்மில்லில் நாம் நிறுத்தினாலும் அது ஓடும். எனக்கு இரண்டுக்குமான வித்தியாசம் இதுதான். முட்டி, காற்று, கலோரி எல்லாம் இதற்கப்புறம்.

டிரெட்மில் எங்கே பிறந்தது என்று தேடியபோது அது ஒரு சிறையில் என்று தெரிந்தது. 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர், கைதிகள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று படிகள் வைத்த பெரிய சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரம் கீழே இறங்கும், அவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். பிரிக்ஸ்டன் சிறையில் அதை வைத்துத் தானியம் அரைத்தார்கள். ஆஸ்கார் வைல்டு 1895இல் அதில் ஏறியிருக்கிறார். நமக்கு இதைப் படித்ததும் வ.உ.சி.யும் கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கும்தான் நினைவுக்கு வரும். சுற்றிச் சுற்றி நடந்தும் எங்கும் போகாத அந்த நடை. உடற்பயிற்சிக்கு இப்போது இருக்கும் மெஷினை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அது நாமே விரும்பி ஏறுவது, சிவப்புக் கிளிப்பை இழுத்தால் நின்றுவிடும். ஆனாலும் தன் நடையின் வேகத்தை இன்னொன்று தீர்மானிப்பது மனிதருக்கு ஏன் அவ்வளவு அலுப்பாக இருக்கிறது என்று யோசிக்கும்போது இந்தக் கதை எனக்கு உதவியது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் ஓட்டத்தைப் பற்றி எழுத முடியாது. ஓடும்போது உடம்பு செலவிடும் சக்தியில் நாலில் மூன்று பங்கு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. மே மாதம் காலை ஐந்தரைக்கு மெரினாவில் காற்றே ஈரத் துணி மாதிரி இருக்கும். சட்டை பிழிய வரும், உடம்பு சூடாகவே இருக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை நான் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடுதலாக எடுத்தே ஓடுகிறேன், அது தோல்வியில்லை. அறைக்குள் வேறு சிக்கல். வெளியே மணிக்குப் பத்து கிலோமீட்டரில் ஓடினால் அதே வேகத்தில் காற்று நம் மேல் வீசும். அறையில் அந்தக் காற்று இல்லை. ஏசி இல்லாத ஜிம்மில் நேர் எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன் இல்லாமல் நீண்ட தூரம் ஓடவே கூடாது என்பேன்.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்தில் இருந்த கிறிஸ்டின் கிளார்க்கின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மருத்துவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அங்கே குளிர்காலத்தில் பனியும் இருட்டும். பயிற்சியில் பெரும்பகுதியை வீட்டிலிருந்த டிரெட்மில்லில் ஓடினார். 2000 பிப்ரவரியில் தென் கரோலினாவின் கொலம்பியாவில் ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தகுதி மாரத்தான் நடந்தது. அன்று எதிர்பாராத வெயில். யாரும் பேரறியாத அவர், பந்தயத்தின் பின்பாதியில் முன்னால் போய், 2 மணி 33 நிமிடம் 31 நொடியில் ஜெயித்தார். அந்த வருடம் சிட்னி ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்காவின் ஒரே பெண் அவர்தான். வீட்டு அறையில் சூட்டில் ஓடிப் பழகியது அன்றைய வெயிலுக்குக் கைகொடுத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் டிரெட்மில்லுக்கு வந்தது பல வருடம் தரையில் ஓடிய பிறகு. அவர் காலுக்கு வேகம் முன்பே தெரியும். அறிந்த வேகத்தை அவர் அந்த அறைக்குள் எடுத்துக்கொண்டு போனார். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, மடிப்பாக்கம் எல்லாம் தண்ணீர். எங்கள் தரைத்தளத்தில் தொடை வரை நின்றது. கரண்ட் வர நாலு நாள் ஆயிற்று. தண்ணீர் வடிந்ததும் ஜிம் கதவைத் திறந்தோம். டிரெட்மில்லின் மோட்டார் மூடிக்குள் சேறு, பெல்ட் மேல் ஒரு செத்த கெளுத்தி. வாட்ச்மேன் அண்ணாவும் நானும் ஒன்றும் பேசாமல் நின்றோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தரை வருடம் என்னைப் பாதுகாத்த மெஷின்.

புதிய மெஷின் வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் தரைதான். வாரத்தில் மூன்று நாள், பெண்கள் கூட்டத்தோடு. மழை பெய்தால் இல்லை, காலையில் ஆள் சேராவிட்டால் இல்லை. இடையில் குதிகால் வலி வந்து மூன்று வாரம் படுத்தியது. மெரினா நடைபாதைக் கல் நல்ல கடினம். அப்போதெல்லாம் அந்த அறையை நினைத்து ஏங்கியிருக்கிறேன். குதிகால் வலி தேறி வருகிற ஒருவருக்கு, வேகத்தை இம்மி பிசகாமல் வைத்து, எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடக்கூடிய ஒரு மெஷின் பெரிய வரம். வீட்டில் சின்னக் குழந்தை தூங்குகிறது, தனியாக வெளியே போக முடியாது என்கிற அம்மாக்களுக்கும் அப்படியே.

ஏற்றத்துக்கும் அது வேண்டும். சென்னையில் ஏற்றம் என்று பார்த்தால் பரங்கிமலையும் மேம்பாலங்களும்தான். போன வருடம் ஏற்காட்டில் ஓடலாம் என்று முடிவானதும், புது மெஷினில் இன்க்லைனை ஆறு சதவீதம் வைத்து இரண்டு மாதம் பழகினேன். சேலத்திலிருந்து ஏறுகிற அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏழெட்டை நல்லபடி ஏறிவிட்டேன். அடி வாங்கியது இறங்கும்போது. இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த வேலையைப் பழகாத தசை கிழிந்தது மாதிரி வலிக்கும். மறுநாள் விடுதிப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினேன். ஜிம்மில் இருக்கும் பெரும்பாலான மெஷின்கள் ஏற்றம் தரும், இறக்கம் தராது. மலையில் ஓடப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அறை, இரண்டு நாள் மெரினா. அறையில் ஏறியதும் திரை மேல் துண்டைப் போட்டுவிடுவேன். பட்டனைத் தடவி வேகத்தை வைத்து, மூச்சைக் கேட்டு, எவ்வளவு இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் துண்டை எடுத்துப் பார்ப்பேன். மெரினாவிலும் அதே பழக்கம். வாட்ச் அதிர்ந்ததும் உடனே பார்க்க மாட்டேன். முதலில் வாய்விட்டு எண்ணைச் சொல்வேன். ஆரம்பத்தில் அரை நிமிடம், முக்கால் நிமிடம் தள்ளிப்போகும்.

நேற்று ஓட்டம் முடிந்து நொச்சிக்குப்பம் பக்கம் நடந்து போனோம். படகுகள் வந்து, மீன் பரப்பியிருந்தார்கள். வாடிக்கையாக வாங்குகிற அம்மா, "இன்னா கண்ணு, இன்னிக்கி லேட்டு?" என்று கேட்டபடி சங்கராவைக் கூறு கட்டினார். உண்மைதான், வெக்கைக்காக மெதுவாகத்தான் ஓடியிருந்தோம். அந்த ஓட்டத்தில், பாலத்திலிருந்து திரும்பி வரும்போது கண்ணகி சிலையருகே வாட்ச் அதிர்ந்தபோது 6:50 என்று சொன்னேன். பார்த்தால் 6:52.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். எழுபத்தைந்து ஆகப்போகிறது, இன்னும் விடிகாலையில் தாமிரபரணிக்கு நடந்து போய்த்தான் குளிக்கிறார்.

"எவ்வளவு தூரம் போன?"

"ஆறு கிலோமீட்டர்ப்பா."

"தனியாவா?"

"இல்லப்பா, ஏழு பேர்."

"சரி, சரி. இங்க ஆத்துல தண்ணி நல்லா போவுது. லீவுல வா, காலைல சேந்து போவோம். நீ ஓடு, நான் பின்னால நடந்து வாரேன்."